மாஸ்பெர்க் 590 பம்ப் ஷாட்கன்: வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்கிப் பழகியபின் எழுதுவது

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். மாஸ்பெர்க் 590 நல்ல துப்பாக்கி, கொடுத்த காசுக்கு உழைக்கிறது, இன்னொரு முறை வாங்கச் சொன்னாலும் இதையே வாங்குவேன். ஆனால் பெட்டியைப் பிரித்து, தோட்டாவைப் போட்டு, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இனிமேல் கவலையில்லை என்று படுத்துவிடப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள். பம்ப் ஷாட்கன் என்பது முன்பிடியைக் கையால் பின்னால் இழுத்து முன்னால் தள்ளித்தான் அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி, பழகாதவர் கையில் அது ஒழுங்காக வேலை செய்யாது. அது மட்டுமில்லை, பழகாதவர் வீட்டில் அது வீட்டுக்காரர்களுக்கே ஆபத்து. அதனால் கீழே பாதிக்கு மேல் பழகுவதைப் பற்றித்தான் இருக்கும்.

நாங்கள் இருப்பது டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே, ஊர் முடிந்து கொஞ்சம் தள்ளி. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. 911-க்கு அடித்தால் ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சேர நேரம் பிடிக்கும், அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது, கவுன்டி அவ்வளவு பெரியது. அந்த இடைவெளிக்காகத்தான் வாங்கினோம்.

நம்ம ஆட்கள் நிறைய பேர் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது, அதை முடித்துவிட்டுப் போகிறேன். எச்-1பி, எஃப்-1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் பொதுவாக அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கக்கூடாது, கையில் வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு என்று ஒரு விதி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் உங்கள் குடியேற்ற வாழ்க்கையே அதில் தொங்குவதால் வக்கீலைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், அதில் கிரீன் கார்டில் உள்ள ஏலியன் எண்ணையும் எழுத வேண்டும், டிரைவர் லைசென்ஸில் இப்போது குடியிருக்கும் முகவரி இருக்க வேண்டும், வீடு மாறிவிட்டு முகவரி மாற்றாதவர்களைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். அப்புறம் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனை. படிவத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம், அதனால் அவசரப்படாமல் ஒவ்வொரு வரியையும் படித்து நிரப்புங்கள்.

சரி, ஏன் ஷாட்கன்? கைத்துப்பாக்கியை விட இதில் குறி வைப்பது எளிது, ஏனென்றால் தோள், கன்னம், இரண்டு கை என்று நான்கு இடத்தில் உடம்போடு ஒட்டி நிற்கிறது. ஒரு அறைக்குள், ஒரு நடைபாதை நீளத்தில், இதைப் போல ஒரே சூட்டில் ஆளை நிறுத்தும் வேறு துப்பாக்கி கிடையாது. விலையும் குறைவு. குறை என்று பார்த்தால் சுடும்போது தோளில் விழும் உதை அதிகம், உள்ளே போகும் தோட்டா குறைவு, வீட்டுக்குள் ஒரு மூலை திரும்பும்போது நீளம் இடிக்கும். ஏஆர்-15 என்ற ரைஃபிள் நல்லது என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு எதிரே யாரும் இல்லாத வயல்வெளியில் வேகமாகப் பத்துச் சுற்று சுட வேண்டிய தேவை இல்லை, படுக்கையறை வாசலைக் காக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்குவதற்கு முன் கையில் எடுத்துப் பார்த்தவை நான்கு. ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 590, அதே கம்பெனியின் மலிவு வகையான மேவரிக் 88, அப்புறம் பெரெட்டா 1301. பெரெட்டா வாயு அழுத்தத்தில் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம், உதையும் குறைவு, கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரிகிறது, ஆனால் மாஸ்பெர்க் விலையைப் போல மூன்று மடங்குக்குப் பக்கத்தில் போகிறது. அந்தக் காசு இருந்து, பழகுவதற்கும் காசு மிச்சமிருந்தால் தாராளமாக அதை வாங்குங்கள், பம்ப் அடிக்கும் வேலையே இல்லாமல் போவது பெரிய வசதி. எங்களுக்கு இரண்டுக்கும் சேர்த்துக் காசு இல்லை.

870, 590 இரண்டுக்கும் நடுவில்தான் போட்டி. 870 வந்தது 1950-ல், மாஸ்பெர்க் 500 வந்தது 1960-களின் தொடக்கத்தில், அதன் உரம் போட்ட தம்பிதான் 590. 870-ம் 500 குடும்பமும் தனித்தனியாக ஒரு கோடிக்கு மேல் தயாரானவை, பாகம் கிடைக்கவில்லை என்ற பிரச்சினை இரண்டுக்கும் வராது. ரெமிங்டன் கம்பெனி 2020-ல் திவாலாகிக் கைமாறியது, இப்போது ரெம்ஆர்ம்ஸ் என்ற பெயரில் 870 மறுபடி வருகிறது. 870-ன் உடல் எஃகு, 590-ன் உடல் அலுமினியம். அலுமினியமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், சுடும்போது வரும் அழுத்தத்தைத் தாங்குவது, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டும் குழலும் பூட்டிக்கொள்ளும் இடம், அது இரண்டிலும் எஃகுதான்.

என்னை மாஸ்பெர்க் பக்கம் இழுத்தது சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் ட்ரிகரைப் பூட்டும் பொத்தான், இருக்கும் இடம். 590-ல் அது துப்பாக்கியின் முதுகில், தோளில் ஊன்றும் கட்டை தொடங்கும் இடத்தில், கட்டைவிரலுக்கு நேர் கீழே ஒரு தள்ளுபொத்தானாக இருக்கிறது. முன்னால் தள்ளினால் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், சுடத் தயார். பின்னால் இழுத்தால் பூட்டு. என் மனைவி இடது கைக்காரர். 870-ல் சேஃப்டி ட்ரிகருக்குப் பின்னால் குறுக்கே ஓடும் பொத்தான், வலது கைக்காரர் ஆள்காட்டி விரலால் தள்ள வசதியாக அமைத்தது, இடது கைக்காரர் விரலை வளைத்துத் தடவ வேண்டியிருக்கிறது. மாஸ்பெர்க்கில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. இருட்டில் விரல் வைத்தே பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் கவனம், பிஸ்டல் பிடி வைத்த கட்டையைப் போட்டுவிட்டால் இந்த வசதி மொத்தமும் போய்விடும், கட்டைவிரல் முதுகுக்கு எட்டாது. கடையில் அழகாக இருக்கிறது என்று அதை வாங்குகிறார்கள். வேண்டாம். மேவரிக் 88-ல் சேஃப்டி 870 மாதிரி குறுக்குப் பொத்தான்தான், அதனால்தான் எங்களுக்கு ஒத்துவரவில்லை, வீட்டில் எல்லோரும் வலது கைக்காரர்கள் என்றால் அந்த விலைக்கு அதை அடிக்க ஆளில்லை.

இன்னொரு சின்ன விஷயம், கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். குழலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்க்குள் தோட்டாவைக் கீழிருந்து தள்ளும்போது, 870-ல் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் தகடு கீழே இறங்கி வாசலை அடைத்தபடி நிற்கும், கட்டைவிரலால் அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும். 590-ல் அந்தத் தகடு மேலேயே நிற்கிறது, வாசல் திறந்தே கிடக்கும். அவசரத்தில் தோட்டா போட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். குறையையும் சொல்கிறேன், சேஃப்டி பொத்தான் பிளாஸ்டிக். 590ஏ1 என்ற ராணுவ ரகத்தில் பொத்தானும் ட்ரிகர் கூடும் உலோகத்தில் வருகின்றன, குழலும் தடிமன், எடையும் விலையும் கூடும். வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம், பொத்தானை மட்டும் உலோகத்தில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

குழல் நீளத்தைப் பொறுத்தவரை 18.5 அங்குலம் எடுங்கள். 18-க்குக் கீழே போனால் 1934-ம் வருடச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு வேண்டும், 20 அங்குலத்தில் இரண்டு தோட்டா கூடுதலாகப் போகும் ஆனால் கதவுநிலையில் இடிக்கும். 18.5-ல் குழாயில் ஆறு நிற்கும், அது போதும். 14 அங்குலக் குழலோடு, தோளில் வைக்கக் கட்டையே இல்லாமல் பறவைத் தலை பிடியோடு ஷாக்வேவ் என்று ஒன்று விற்கிறார்கள். தோளில் ஊன்ற முடியாத 12 கேஜை (கேஜ் என்பது குழல் பருமனின் அளவு) இடுப்பில் வைத்துச் சுடுவது என்பது எங்கே போகிறது என்று தெரியாமல் சுடுவது. வீட்டில் குழந்தைகள் இருக்கும் எவரும் அதைத் தொடவே கூடாது என்று நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அளவு. 590 கம்பெனியிலிருந்து வரும்போது ட்ரிகரிலிருந்து கட்டையின் பின்முனை வரை கிட்டத்தட்ட 13.9 அங்குலம். ஆறடி ஆளுக்கு அது சரி. ஐந்தேகாலடி, ஐந்தரை அடி உயரமுள்ள நம்ம வீட்டு ஆட்களுக்கு நீளம். நீளமான கட்டையைத் தோளில் வைத்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும், முன்கை நீட்டி விறைக்கும், பம்பைக் கடைசி வரை இழுக்க முடியாது, உதை தோள்பள்ளத்தில் இறங்காமல் கைமூட்டில் இறங்கும். அதோடு முடிந்தது, அந்த ஆள் மறுபடி அந்தத் துப்பாக்கியைத் தொட மாட்டார். நிறைய வீடுகளில் கணவர் வாங்கி வைத்த ஷாட்கனை மனைவி ஒரே ஒரு முறை சுட்டுவிட்டு விலகிப்போனதற்குக் காரணம் பயம் இல்லை, கட்டையின் இந்த நீளம்தான்.

பரிசோதிப்பது எளிது. கண்ணால் பார்த்துக் காலி என்று உறுதி செய்துகொண்டு, முழங்கையை மடக்கி, கட்டையின் பின்முனையை மடிப்பில் ஊன்றிப் பாருங்கள், ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரைச் சிரமமில்லாமல் தொட வேண்டும். தொடவில்லை என்றால் நீளம். மேக்புல் எஸ்ஜிஏ என்ற கட்டை மாஸ்பெர்க்குக்கு வருகிறது, நடுவில் வைக்கும் துண்டுகளை எடுத்து 12.5 அங்குலம் வரை குறைக்கலாம். அதை மாட்டிய பிறகு மனைவிக்கும் எனக்கும் ஒரே அளவு ஒத்துவந்தது, குட்டை அளவுதான். உயரமானவர் குட்டைக் கட்டையோடு சமாளித்துவிடலாம், குட்டையானவர் நீளக் கட்டையோடு சமாளிக்க முடியாது. அதனால் வீட்டிலேயே சின்ன உடம்பு யாருடையதோ அவருக்குப் பொருத்துங்கள்.

அடுத்தது தோட்டா. 12 கேஜ் என்றால் குழல் விட்டத்துக்கான ஈயக்குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு, பழைய கணக்கு. வீட்டுப் பாதுகாப்புக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது டபுள்-ஆட் பக்ஷாட், தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈயக் குண்டான ரவை ஒவ்வொன்றும் 0.33 அங்குலம், ஒரு தோட்டாவில் எட்டோ ஒன்பதோ இருக்கும். ஊரில் காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸோடு இரட்டைக்குழல் வைத்திருந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, சுட்டால் பால்ரஸ் பரவிவிடும், குத்துமதிப்பாகத் திருப்பினாலே போதும் என்று. சினிமாவும் அதைத்தான் காட்டுகிறது. வீட்டுக்குள் இருக்கும் தூரத்தில் அது பொய். ஃபெடரல் ஃப்ளைட்கன்ட்ரோல் தோட்டாவை வைத்து ஏழு கஜத்தில் காகிதத்தைச் சுட்டுப் பார்த்தோம். ரவைகளைப் பிடித்துக்கொண்டு போகும் பிளாஸ்டிக் கோப்பையும் சேர்ந்தே போய் அடிக்க, காகிதத்தில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்கு ஓரம் கிழிந்த ஒரே ஓட்டை. சுற்றிலும் ஒரு ரவை கூடத் தனியாகப் போகவில்லை. அதாவது குறி பார்க்காவிட்டால் ஷாட்கனும் தவறும், கைத்துப்பாக்கி தவறுவது போலவே.

இப்படி நெருக்கமாகப் போவதுதான் எனக்கு வேண்டும், ஏனென்றால் இங்கே வீடுகள் எப்படிக் கட்டியிருக்கின்றன என்று பாருங்கள். மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் காற்று, அதுதான் உட்சுவர். நம் ஊரில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குப் பின்னால் நிற்கிற நினைப்பிலேயே இங்கே நிற்கக்கூடாது. தவறிய பக்ஷாட் அந்தச் சுவரையும், அதற்கு அடுத்த சுவரையும் தாண்டிப் போகும். வெளியே செங்கல் ஒட்டியிருந்தாலும் ஜன்னலும் கராஜ் கதவும் செங்கல் இல்லை. டல்லாஸை ஒட்டிய ஃபிரிஸ்கோ, இர்விங் ஊர்கள் பக்கம் வீட்டுக்கு வீடு சில அடிதான் இடைவெளி. அதற்குப் பறவை சுடும் பொடி ரவையைப் போட்டால் சுவரைத் துளைக்காதே என்று சிலர் சொல்கிறார்கள். சுவரை அவ்வளவாகத் துளைக்காத ரவை ஆளையும் ஆழமாகத் துளைக்காது. எஃப்பிஐ தோட்டாக்களைச் சோதிக்கும்போது சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெல்லில் குறைந்தது 12 அங்குலம் இறங்க வேண்டும் என்று வைத்திருக்கிறது, பொடி ரவை அதில் பாதி போவதே அரிது. அதனால் ரவை எல்லாமே ஆள்மேல் படும்படி நெருக்கமாகப் போகும் தோட்டா, அதைக் குறி பார்த்துச் சுடும் பழக்கம், இரண்டும்தான் வழி.

ஃப்ளைட்கன்ட்ரோலில் உதை குறைந்த வகை நொடிக்கு 1145 அடி வேகத்தில் வருகிறது, வழக்கமான வேகம் 1325. வீட்டுத் தூரத்துக்கு 1145 தாராளம், தோளுக்கும் பெரிய நிம்மதி. ஆனால் எந்தத் தோட்டா வாங்கினாலும் உங்கள் குழலில், உங்கள் வீட்டின் மிக நீளமான நேர்கோட்டுத் தூரத்தில் காகிதத்தைச் சுட்டுப் பாருங்கள், ஒரே மாடலில் கூடக் குழலுக்குக் குழல் விரிவு மாறும். எங்கள் வீட்டில் அந்தத் தூரம் படுக்கையறை வாசலிலிருந்து முன்கதவு வரை. டேப் வைத்து அளந்துகொண்டு போய் அதே தூரத்தில் காகிதம் மாட்டினோம்.

பயிற்சிக்கு வருகிறேன். முதலில் நாங்கள் சேர்ந்த வகுப்பு, பெயர் வேண்டாம், ஊருக்குள் உள்ள ஒரு உள்ளரங்க ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில். காசு வாங்கிக்கொண்டு, துப்பாக்கியின் பாகங்களைத் திரையில் காட்டி, ஆளுக்குச் சில தோட்டா சுட வைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பல உள்ளரங்க ரேஞ்சுகளில் பக்ஷாட்டை அனுமதிப்பதே இல்லை, ஒற்றைக் குண்டு ஸ்லக் மட்டும்தான், ஆக நீங்கள் வீட்டில் போட்டு வைக்கப்போகும் தோட்டாவை அங்கே சுடவே முடியாது. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பக்ஷாட் சுட விடுவீர்களா, என் தோட்டாவைக் காகிதத்தில் சோதித்துப் பார்க்க நேரம் ஒதுக்குவீர்களா, நகர்ந்து, கதவோரம் நின்று, வெளிச்சம் குறைவாக இருக்கும்போது பழக்குவீர்களா. மூன்றுக்கும் ஆமாம் என்று வந்தால் விலை கூடினாலும் போங்கள்.

இரண்டாவதாகப் போனது திறந்தவெளியில், ஒரு முழு நாள் வகுப்பு. வாத்தியார் ஓய்வு பெற்ற போலீஸ்காரர், குரல் உயர்த்தவே மாட்டார். 1976-ல் அரிசோனாவில் கன்சைட் பள்ளியைத் தொடங்கிய ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகளில் ஆரம்பித்து நாள் முழுக்க அதைவிட்டு நகரவில்லை. எல்லாத் துப்பாக்கியும் தோட்டா உள்ளதாகவே நினை, அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே, குறி சேரும்வரை விரல் ட்ரிகருக்குப் போகக்கூடாது, இலக்கு என்ன, அதற்குப் பின்னால் என்ன என்று தெரிந்துகொள். காலையில் பாதி நேரம் வெறும் பொம்மைத் தோட்டாவில்தான் கழிந்தது.

பம்ப் ஷாட்கனில் புதியவர்களுக்கு வரும் பெரிய கோளாறு பாதி இழுப்பு. பதற்றத்தில் பம்பை முழுக்கப் பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளிவிடுவார்கள், காலித் தோட்டா வெளியே விழாது, புதுசு ஏறாது, ட்ரிகரை இழுத்தால் ஒரு டக் சத்தம் மட்டும். வகுப்பில் பக்கத்து வரிசையில் நின்ற நல்ல பலசாலி ஒருவருக்கே திரும்பத் திரும்ப இதுதான் ஆனது. பம்பை உடைத்துவிடுவது போல வேகமாக இழுக்க வேண்டும் என்றார் வாத்தியார், மெதுவாக, பார்த்துப் பார்த்து இழுத்தால்தான் மாட்டும். பின்னாலே சுவரில் மோதுகிற மாதிரி ஒரு அடி, முன்னாலே அதே மாதிரி ஒரு அடி, நடுவில் நிற்கவே கூடாது. அதுவும் தோளிலிருந்து இறக்காமல், கன்னம் கட்டையில் இருக்கும்போதே. இது கைக்கு வரச் சில நூறு முறை அடிக்க வேண்டும், வீட்டில் பொம்மைத் தோட்டா வைத்து அடித்தாலே வந்துவிடும், நிஜத் தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டிய பெட்டியில்.

உதையைச் சமாளிக்க ராப் ஹாட் என்ற பயிற்சியாளர் பரப்பிய தள்ளு-இழு முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். முன்கை பம்பை முன்னால் தள்ளுகிறது, பின்கை கட்டையைத் தோளுக்குள் இழுக்கிறது, துப்பாக்கி நடுவில் இழுபட்டு நிற்கும். உதை தோளுக்கு வருவதற்கு முன்பே இரண்டு கைகளும் அதை வாங்கிக்கொள்கின்றன. என் மனைவி காலையில் தோளைத் தடவிக்கொண்டிருந்தார், மத்தியானம் இந்த முறை பிடிபட்டதும் முகமே மாறிவிட்டது, சாயங்காலம் வரை ஒரு சுற்றையும் விடாமல் சுட்டார், குறி பார்க்கக் குழல் நுனியில் இருக்கும் பித்தளை மணியை எதிரில் உள்ள தகட்டின் நடுவில் வைத்து ஒவ்வொன்றாகச் சாய்த்தார். அந்த வகுப்புக்குக் கட்டிய காசுக்கு அது ஒன்றே போதும்.

தோட்டா ஏற்றுவதும் ஒரு தனிக்கலை. ஆறு சுட்டால் காலி, அதனால் சந்து கிடைக்கும்போதெல்லாம் ஒன்று ஒன்றாக உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கப் பழக்குகிறார்கள். துப்பாக்கியின் இடப்பக்கம் வெல்க்ரோ பட்டையில் உபரித் தோட்டாக்களைச் செருகி வைத்திருக்கிறேன், கட்டிலிலிருந்து எழுந்து வருபவருக்குச் சட்டைப்பை இருக்காது.

அப்புறம் வெளிச்சம், நம்ம வீடுகளுக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குகிறார்கள். வந்த புதிதில் அவர்களுக்கு ராத்திரி பகலாக இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு அப்பா எழுந்து இருட்டிலேயே கிச்சனுக்குப் போய் டிகாஷன் போடுவார், பின்கதவைத் திறந்து வராந்தாவில் உட்காருவார், கதவின் அலாரம் பீப் அடிக்கும். காது மந்தம், கூப்பிட்டால் பதில் வராது. இந்தச் சத்தங்கள் எல்லாம் திருடன் சத்தம் மாதிரியேதான் கேட்கும். பதில் வரவில்லை என்பதை வைத்து யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. முகத்தைப் பார்க்காமல் குழலைத் திருப்பக்கூடாது. துப்பாக்கியின் பம்ப் பிடியிலேயே விளக்கு சேர்ந்து வரும் ஸ்ட்ரீம்லைட் டிஎல்-ராக்கர் மாட்டியிருக்கிறேன், 1000 லூமன், சுவரில் அடித்தாலே அறை முழுக்க வெளிச்சமாகிவிடும், யார் மேலும் நேராகக் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் துப்பாக்கி விளக்கு எங்கே பார்க்கிறதோ அங்கே குழலும் பார்க்கும், அதனால் தேடிப் பார்ப்பதற்குத் தனியாக ஒரு கைவிளக்கு கட்டாயம். அப்பா அம்மா இருக்கும் மாதங்களில் நடைபாதையிலும் கிச்சனிலும் இரவு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், துப்பாக்கியை எடுப்பதற்கு முன் செய்யும் முதல் வேலை வீட்டில் யார் யார் எங்கே என்று எண்ணுவது. வாத்தியாரும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போகாதே, பிள்ளைகளை ஒரே அறைக்குக் கொண்டுவா, கதவைப் பார்த்து மறைவில் உட்கார், 911-ல் லைனிலேயே இரு, போலீஸ் வந்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையைக் காட்டு. பம்ப் அடிக்கிற சத்தத்தைக் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்கிற பேச்சை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். ஷாட்கனின் சேஃப்டி பெரும்பாலும் ட்ரிகரை மட்டும்தான் தடுக்கும், கீழே விழுந்தால் உள்ளே இருக்கும் தோட்டா வெடிக்காது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் குழலின் அறை, அதாவது சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம், எப்போதும் காலி, தோட்டா குழாயில் மட்டும். எடுத்தால் ஒரு முறை பம்ப் அடித்த பிறகுதான் சுடும். டெக்சஸ் சட்டப்படி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி தோட்டா போட்ட துப்பாக்கியை விட்டு, அது பிள்ளை கைக்குப் போனால் குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் வார இறுதியில் பத்துக் குடும்பம் வந்து, மாடியில் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடும் வீட்டில் கட்டிலுக்கு அடியில் துப்பாக்கி இருக்கலாமா? எண் அழுத்தித் திறக்கும் பூட்டுக்கூடு ஒன்றை அலமாரிச் சுவரில், மரச்சட்டத்தோடு சேர்த்து முடுக்கியிருக்கிறேன். இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு திறந்து பழகியிருக்கிறோம், இருவரும்.

செலவு என்று பார்த்தால் துப்பாக்கிக்கு ஆன அளவே கட்டை, விளக்கு, பூட்டு, வகுப்பு, பழகும் தோட்டா எல்லாவற்றுக்கும் சேர்த்து மறுபடி ஆகும், கொஞ்சம் கூடவே. கை இறுக்கமாக இருந்தால் மேவரிக் 88 வாங்கி மிச்சக் காசை வகுப்பில் போடுங்கள். காதுக்கு மின்னணு மூடி ஒன்றும் வாங்குங்கள், 12 கேஜ் சத்தம் 150 டெசிபெலுக்கு மேல், நான்கு சுவருக்குள் ஒன்று கேட்டாலே காது போய்விடலாம்.

12 கேஜ் உதை எதைச் செய்தும் ஒத்துவரவில்லை என்றால் 20 கேஜ் பாருங்கள், மாஸ்பெர்க்கில் குட்டைக் கட்டையோடு வருகிறது, பக்ஷாட்டும் கிடைக்கிறது, அதில் நம்பர் 3 அளவு ரவை நல்ல தேர்வு. அடிக்கடி சுடும் 20 கேஜ், அலமாரியை விட்டு இறங்காத 12 கேஜை விட நூறு மடங்கு மேல். ஆனால் இரண்டையும் ஒரே வீட்டில் வைக்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவிப் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும், மேலே இருந்து பார்த்தால் காலி மாதிரி இருக்கும், அதன் பின்னால் ஒரு 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். 20 கேஜுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே அதற்காகத்தான். தோட்டாக்களைத் தனித்தனி அலமாரியில் வையுங்கள், ரேஞ்சுக்குப் போகும் பையில் ஒரு நாளைக்கு ஒரு கேஜ் மட்டும் எடுத்துப் போங்கள், திரும்பி வந்ததும் சட்டைப்பையையும் பையின் மூலைகளையும் தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.